சுவாதி விண்மீன், அதாவது ஆர்க்டூரஸ்: உண்மையில் எவ்வளவு பெரியது, பெயர்கள் எப்படி வந்தன?

மொட்டைமாடி_வானம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் வந்துவிட்டது. இருட்டியதும் வடகிழக்குப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன் பளிச்சென்று ஏறி வருகிறதே, அது சுவாதி. ஆங்கில வரைபடங்களில் ஆர்க்டூரஸ். இதைப் பற்றித் தமிழில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சூரியனைவிட லட்சம் மடங்கு பெரியது என்கிறது ஒரு காணொளி. சீக்கிரம் வெடிக்கப் போகிறது என்கிறது இன்னொன்று. வானத்தில் மூன்றாவது பிரகாசமானது என்று ஒருவர், நான்காவது என்று ஒருவர்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்களோடு சேர்ந்து ஒரு விளக்க அட்டை தயாரிக்கிறேன், தப்பாக எதுவும் போய்விடக் கூடாது. இன்னொரு சந்தேகமும் உண்டு. ஜாதகத்தில் வரும் சுவாதி நட்சத்திரம் இதேதானா? அப்படியென்றால் நிலா ஏன் இதன் பக்கத்தில் போவதே இல்லை?

கலை_இயற்பியல் எழுதியது:

அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் புரளி அதிகம்.

ஆர்க்டூரஸின் ஆரம் சூரியனைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. கன அளவாகப் பார்த்தால் சுமார் 16,000 மடங்கு. லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பலரும் கவனிக்காத விஷயம் அதன் நிறை. சூரியனுக்கு 1 என்று வைத்தால் இதற்குச் சுமார் 1.1 தான். கிட்டத்தட்ட நம் சூரியன் அளவு பொருளை எடுத்து 25 மடங்கு அகலத்துக்கு ஊதி வைத்திருக்கிறது இயற்கை. அதனால் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிட பத்து மடங்குக்கும் மேல் குறைவு. மேற்பரப்பில் ஈர்ப்பு, பூமியில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு.

சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் பூமி வரை வராது. புதன் வரைகூட வராது. இதன் ஆரம் சுமார் 1.8 கோடி கி.மீ.; புதன் சூரியனை மிக நெருங்கும்போதே 4.6 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது.

மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,290 கெல்வின். சூரியனுக்கு 5,770. குளிர்ச்சியாக இருப்பதால்தான் ஆரஞ்சு நிறம். ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனைவிடக் குறைவாகத்தான் ஒளி விடுகிறது, ஆனால் பரப்பு 600 மடங்குக்கு மேல் இருப்பதால் மொத்தத்தில் 170 முதல் 200 மடங்கு வரை ஆற்றலைக் கொட்டுகிறது. அதிலும் கணிசமான பகுதி அகச்சிவப்பில் போய்விடுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் எடுத்தால் சுமார் 110 மடங்கு.

வெடிக்காது. அதற்குச் சூரியனைப் போல எட்டு மடங்காவது நிறை வேண்டும். இது கடைசியில் வெளிப்புற அடுக்குகளை உதறிவிட்டு வெள்ளைக் குள்ளனாக ஒடுங்கும். திருவாதிரை விண்மீன் பற்றிய செய்திகளை இதன் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். திருவாதிரை மீப்பெரும் வகை, அது வெடிக்கும். இரண்டும் சிவந்து தெரிவதால் வரும் குழப்பம்.

தெற்குவானம் எழுதியது:

மூன்றா நான்கா என்ற கேள்விக்கு: இரண்டுமே சரி, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். சிரியஸ் மைனஸ் 1.46, அகத்தியர் விண்மீன் மைனஸ் 0.74. அடுத்து ஆல்பா சென்டாரி. வெறும் கண்ணுக்கு அது ஒரே புள்ளி, மைனஸ் 0.27. ஆனால் அது இரண்டு விண்மீன்களின் கூட்டு ஒளி. பிரித்துப் பார்த்தால் பெரியது 0.01, சிறியது 1.33. ஆர்க்டூரஸ் மைனஸ் 0.05. ஆக, தனித்தனி விண்மீன்களாக எண்ணினால் ஆர்க்டூரஸ் மூன்றாவது. கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக எண்ணினால் நான்காவது.

அட்டையில் ‘வான நடுக்கோட்டுக்கு வடக்கே மிகப் பிரகாசமான விண்மீன்’ என்று எழுதுங்கள். பூமியின் நடுக்கோட்டை அப்படியே வானத்துக்கு நீட்டினால் வருவதுதான் வான நடுக்கோடு. யாரும் மறுக்க முடியாது. சிரியஸ், அகத்தியர், ஆல்பா சென்டாரி மூன்றுமே நடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவை.

மொட்டைமாடி_வானம் எழுதியது:

இது அருமை சார், அப்படியே எழுதிக்கொள்கிறேன். கலை அக்கா, ஒரு கேள்வி. சூரியன் அளவு நிறைதான் என்றால் ஏன் இப்படி ஊதியது?

கலை_இயற்பியல் எழுதியது:

வயது, தம்பி. ஆர்க்டூரஸுக்கு 700 கோடி ஆண்டுகள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. நம் சூரியனுக்கு 460 கோடி. நடுமையத்தில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் சேர்ந்துவிட்டது. அந்த மையம் சுருங்கச் சுருங்கச் சூடேறி, அதைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக இணையத் தொடங்குகிறது. வெளியேறும் ஆற்றல் வெளிப்புறத்தைத் தள்ளுகிறது. வெளிப்புறம் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. உள்ளே சுருக்கம், வெளியே விரிவு. இதைத்தான் சிவப்பு அரக்கன் நிலை என்கிறோம். சூரியனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இந்தப் பாதைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், மாணவர்களிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். ‘பிரம்மாண்ட விண்மீன்’ என்று மிரட்டுவதைவிட, ‘நம் சூரியன் முதுமையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, அதோ பாருங்கள்’ என்று கையைக் காட்டுங்கள்.

பெயர்_தேடி எழுதியது:

நான் பெயர் பக்கத்துக்கு வருகிறேன்.

ஆர்க்டூரஸ் கிரேக்கப் பெயர். கரடிக் காவலன் என்று பொருள். நாம் சப்தரிஷி மண்டலம் என்று பார்க்கும் ஏழு விண்மீன்களைக் கிரேக்கர்கள் பெருங்கரடியின் பகுதியாகப் பார்த்தார்கள். அந்தக் கரடியின் பின்னாலேயே துருவத்தைச் சுற்றி வருகிறவன் காவலன். யார் வைத்தது என்று ஆள் பெயர் சொல்ல முடியாது. ஆனால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்பே ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞர் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதுவும் விவசாயக் கணக்கில். குளிர்காலக் கதிர்திருப்பம் கழிந்து அறுபதாவது நாள் வாக்கில் அந்தி மயங்கும்போது ஆர்க்டூரஸ் கடலிலிருந்து எழும், அதன் பின் குருவிகள் வரும், அதற்குள் திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ணிவிடு என்கிறார். பிறகு விடியற்காலையில் ஆர்க்டூரஸ் தெரியத் தொடங்கும்போது திராட்சையை அறுவடை செய் என்கிறார்.

அரபு வானியலில் இது ‘அஸ்-சிமாக் அர்-ராமிஹ்’, ஈட்டி ஏந்திய சிமாக். சித்திரை விண்மீன் ‘அல்-அஃஸல்’, ஆயுதம் இல்லாத சிமாக். சீனத்தில் இது ‘தா ஜியாவோ’, வானத்து டிராகன் ஒன்றின் பெரிய கொம்பு. சித்திரையும் அங்கே அதே டிராகனின் கொம்புதான். நம் வரிசையிலும் சித்திரைக்கு அடுத்தது சுவாதி. வெளிர் நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று நிற்கும் இந்த ஜோடியை மூன்று பக்கத்து மக்களும் ஒன்றாகவே சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

நெய்தல்_மீனவன் எழுதியது:

ஹவாயை விட்டுவிட்டீர்களே. அங்கே இதன் பெயர் ஹோக்கூலேயா, மகிழ்ச்சி விண்மீன். ஹவாய்த் தீவுகள் இருக்கும் அட்சரேகையும் இந்த விண்மீனின் வான நடுக்கோட்டு விலக்கமும் ஏறத்தாழ ஒன்றே, 19 பாகைக்குச் சற்று மேல். அதாவது அங்கே சுவாதி நேர் உச்சந்தலைக்கு மேலே கடந்து போகும். தெற்கே தாஹிட்டியிலிருந்து திரும்பும் மாலுமிக்கு அட்சரேகை காட்ட வேறு கருவியே தேவையில்லை. தீவுக்குக் கிழக்குப் பக்கமாகவே ஒதுங்கி வடக்கே வருவார். சுவாதி உச்சியில் கடக்கிறதா என்று பார்ப்பார். கடந்தால் மேற்கே திரும்பிக் காற்றின் போக்கில் போனால் தீவு.

1975-ல் பழைய முறைப்படி இரட்டை ஓடம் ஒன்றைக் கட்டி அதற்கு ஹோக்கூலேயா என்றே பெயர் வைத்தார்கள். 1976-ல் அது கருவிகள் எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வழி நடத்தியவர் மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன், விண்மீனுக்குப் பெயர் என்றால் இப்படி ஒரு வேலையோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

பஞ்சாங்க_ஆர்வலர் எழுதியது:

ஜாதகக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், சுவாதி நட்சத்திரத்துக்கு அடையாள விண்மீன், பழைய சொல்லில் யோகதாரை, இதேதான். தமிழில் சோதி என்றும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாள் குறிக்கும்போது சோதி என்றே வரும். பெரியாழ்வார் பிறந்த நாளை மணவாள மாமுனிகள் ‘ஆனியில் சோதி நாள்’ என்றுதான் பாடுகிறார்.

நிலா ஏன் பக்கத்தில் போகாது? நிலா, சூரிய வீதியிலிருந்து, அதாவது விண்மீன்களிடையே சூரியன் ஆண்டு முழுக்க நகரும் பாதையிலிருந்து, அதிகபட்சம் 5 பாகைதான் விலகும். சுவாதி விண்மீன் அந்த வீதிக்கு வடக்கே 31 பாகை தள்ளி நிற்கிறது. எவ்வளவு நெருங்கினாலும் இடையில் 25 பாகை இருக்கும். சித்திரை விண்மீனோ வீதியிலிருந்து 2 பாகை மட்டும் விலகியது, அதை நிலா சில சமயம் மறைத்தே விடும். ஜாதகத்தில் சுவாதி என்பது வீதியில் 13 பாகை 20 கலை நீளமுள்ள ஒரு பகுதி. நிலா அந்தப் பகுதியில் இருந்தால் சுவாதி நட்சத்திரம், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய முறையில் விண்மீனிலிருந்து சூரிய வீதிக்குச் செங்குத்தாகக் கோடு இறக்கினால், அது 204-வது பாகையில் விழும். அயனாம்சம், அதாவது இன்றைய தொடக்கப் புள்ளிக்கும் பஞ்சாங்கத்தின் தொடக்கப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 24; அதைக் கழித்தால் 180. ஆனால் சுவாதிப் பகுதி 186 பாகை 40 கலையில்தான் தொடங்குகிறது! 180 என்பது சித்திரைப் பகுதி. இதைப் பார்த்துவிட்டு ‘முன்னோர்கள் தப்பாகக் குறித்துவிட்டார்கள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு.

சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் கோடு இறக்கிய விதமே வேறு. வான துருவத்திலிருந்து விண்மீன் வழியாகக் கோடு இழுத்து, அது வீதியை வெட்டும் இடத்தைக் குறித்தார்கள். அதற்குத் துருவகம் என்று பெயர். அந்த முறையில் இன்று கணக்குப் போட்டால் 216 வருகிறது; 24 கழித்தால் 192. நேராகச் சுவாதிப் பகுதிக்குள் வந்து விழுகிறது. நூல் தரும் எண் 199, வடக்கே 37 பாகை. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய வானத்துக்கு அதே முறையில் நான் போட்டுப் பார்த்தால் 198-ஐ ஒட்டி வருகிறது, வடக்கே 34. மூன்று பாகை வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனாலும் அவர்கள் எந்த விண்மீனைச் சொன்னார்கள் என்பதில் சந்தேகமே வராது. வீதியை ஒட்டி இருக்கிற விண்மீன்களுக்கு இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே விடை தரும். இவ்வளவு வடக்கே நிற்கிற சுவாதிக்குத்தான் 12 பாகை மாறிவிடுகிறது.

கலை_இயற்பியல் எழுதியது:

பஞ்சாங்க ஐயா, இந்த விளக்கத்தை நான் எங்கேயும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. மிக்க நன்றி.

பழைய எண்கள் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்க்டூரஸ் நகர்கிறது என்பதையே பழைய எண்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1718-ல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, பண்டைக்கால வானியலாளர் தாலமியின் பட்டியலில் உள்ள இடங்களைத் தன் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டார். பூமியின் அச்சு மெல்லத் தலையசைப்பதால் வரும் அயன சலனத்தால் எல்லா விண்மீன்களும் ஒரே சீராக நகர்ந்திருக்க வேண்டும். சிரியஸ், ஆர்க்டூரஸ், ரோகிணி மூன்றும் மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. விண்மீன்கள் வானத்தில் பதித்து வைத்தவை அல்ல, தனித்தனியாக ஓடுகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆர்க்டூரஸ் ஆண்டுக்கு 2.28 விகலை நகர்கிறது (ஒரு பாகைக்கு 3,600 விகலை). முழு நிலவின் அகலத்தைக் கடக்க 800 ஆண்டுக்குச் சற்று மேல். தாலமி காலத்திலிருந்து ஹாலி காலம் வரை ஒரு பாகை. ஐயா சொன்ன கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்தவை இருந்தால், அவற்றில் ‘சோதி’ என்று வெட்டியவர் பார்த்த இடத்திலிருந்து இன்று அது ஒரு நிலவு அகலத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. தென்மேற்குத் திசையில், கன்னி ராசியைப் பார்த்து.

சிற்றூர்_சிவா எழுதியது:

அந்த வேகத்தில் ஓடினால் கொஞ்ச காலத்தில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுமாமே? ஒரு லட்சம் ஆண்டு போதும் என்று எங்கோ படித்தேன்.

கலை_இயற்பியல் எழுதியது:

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், சிவா. நம்மைப் பொறுத்து அதன் வேகம் நொடிக்குச் சுமார் 122 கி.மீ. இப்போதைய தூரம் 36.7 ஒளியாண்டு. இப்போதைக்கு லேசாக நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டு கழித்து மிக அருகில் வரும், ஆனால் வித்தியாசம் மிகச் சொற்பம். பிறகு விலகும். ஒரு லட்சம் ஆண்டில் சுமார் 41 ஒளியாண்டு ஓடும். அப்போது தூரம் 55 ஒளியாண்டு, மேக்னிட்யூட் 0.8. இன்றைய ரோகிணி அளவு பிரகாசம். ஐந்து லட்சம் ஆண்டு கழித்தும், அதன் ஒளி இதே அளவில் இருந்தால், 207 ஒளியாண்டு தூரத்தில் 3.7 மேக்னிட்யூட். ஊர்ப்புறத்தில் நன்றாகவே தெரியும்.

வேகம் ஏன் இவ்வளவு? சூரியன் போன்ற பெரும்பாலான அக்கம்பக்க விண்மீன்கள் பால்வீதியின் தட்டையான வட்டில் சேர்ந்து சுற்றுகின்றன. இது தடித்த வட்டைச் சேர்ந்த பழைய விண்மீன், வட்டின் குறுக்கே பாய்ந்து போகிறது. இதன் இரும்பு அளவு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். பழைய தலைமுறை என்பதற்கு அது அடையாளம். இதே போக்கில் போகும் வேறு பல விண்மீன்களையும் சேர்த்து ஆர்க்டூரஸ் ஓடை என்கிறார்கள். 1971-ல் ஓலின் எக்கன் சுட்டிக்காட்டியது. எப்போதோ பால்வீதியில் கலந்துவிட்ட ஒரு சிறு அண்டத்தின் மிச்சம் என்று ஒரு தரப்பு, பால்வீதிக்குள்ளேயே ஏற்பட்ட அதிர்வுகளால் சேர்ந்த கூட்டம் என்று இன்னொரு தரப்பு.

பழைய_கண்ணாடி எழுதியது:

36.7 ஒளியாண்டு என்றதும் 1933 சிகாகோ பொருட்காட்சி நினைவுக்கு வருகிறது. அப்போது ஆர்க்டூரஸின் தூரம் 40 ஒளியாண்டு என்று நினைத்தார்கள். சிகாகோவில் முந்தைய பெரிய பொருட்காட்சி நடந்தது 1893-ல். அப்போது புறப்பட்ட ஒளி இப்போது வந்து சேர்கிறது, அதை வைத்தே விளக்கேற்றலாம் என்று முடிவு செய்தார்கள்! மே 27 இரவு யெர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குல லென்ஸ் தொலைநோக்கியால் ஆர்க்டூரஸின் ஒளியை ஒளிமின்கலத்தில் விழவைத்து, உண்டான சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி, தந்திக் கம்பி வழியாகச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். வேறு சில வானாய்வகங்களும் அதே வேலைக்குத் தயாராக நின்றன. பொருட்காட்சி விளக்குகள் எரிந்தன. அந்தத் தொலைநோக்கியின் குழாயும் தாங்கியும் 1893 பொருட்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டவைதான்.

இன்றைய தூரப்படி அந்த ஒளி 1896-ல் கிளம்பியது. மூன்று ஆண்டு பிந்திவிட்டது. ஆனால் 1933-ல் ஒரு விண்மீனின் தூரத்தை இவ்வளவு கிட்ட அளந்திருந்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெய்தல்_மீனவன் எழுதியது:

பைபிளிலும் ஆர்க்டூரஸ் வரும் என்கிறார்கள், உண்மையா?

பெயர்_தேடி எழுதியது:

1611-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் யோபு புத்தகத்தில் ஆர்க்டூரஸ் என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் இருக்கும் சொல்லைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கரடி மண்டலம் என்றே எடுத்துக்கொண்டார்கள். நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘துருவச்சக்கர நட்சத்திரங்கள்’ என்று வரும். அதனால் அட்டையில் இதைச் சேர்க்க வேண்டாம்.

மொட்டைமாடி_வானம் எழுதியது:

சேர்க்கவில்லை அண்ணா. கடைசியாக ஒன்று: அட்டையில் தலைப்பாக எந்தப் பெயர்? சர்வதேச அளவில் ‘அதிகாரப்பூர்வப் பெயர்’ என்று ஒன்று இருக்கிறதாமே?

பெயர்_தேடி எழுதியது:

இருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2016-ல் விண்மீன் பெயர்களுக்கென்று ஒரு குழு அமைத்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த பெயர்களுக்கு முறையான பட்டியலே கிடையாது. ஒரே விண்மீனுக்குப் பல எழுத்துக்கூட்டு, ஒரே பெயரில் இரண்டு விண்மீன் என்று கிடந்தது. அந்த ஆண்டு ஜூன் 30-ல் ஆர்க்டூரஸ் என்ற பெயரை ஏற்றார்கள். நம் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பரணியும் ரேவதியும் உண்டு. ஒரு விண்மீனுக்கு ஒரு பெயர் என்பது விதி என்பதால் சுவாதி அதில் இல்லை. பட்டியல் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் குழப்பம் வராமல் இருக்கத்தான். உங்கள் ஊரில் நீங்கள் சுவாதி என்று சொல்வதை அது தடுக்காது. தலைப்பில் சுவாதி, கீழே ஆர்க்டூரஸ், அதற்கும் கீழே ஆல்பா பூட்டிஸ். 1603-ல் யோகான் பேயர் வெளியிட்ட வரைபடத்திலிருந்து வருகிற பெயர் அது. மூன்றும் இருந்தால் மாணவர்கள் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தெற்குவானம் எழுதியது:

அடையாளம் காணும் வழியையும் அட்டையில் போட்டுவிடுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. ஜூன் இரண்டாவது வாரத்தில் இரவு 9 மணிக்குச் சென்னையில் உச்சிக்கு 6 பாகை வடக்கே நிற்கும், மட்டக்களப்பில் 11 பாகைக்கு மேல் வடக்கே.

நிறத்தைக் காட்ட ஒரு வழி: பைனாகுலரில் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி சிறு வட்டாகப் பரவும், ஆரஞ்சு நிறம் நன்றாகத் தெரியும். உடனே அதே குவியத்தில் சித்திரைக்குத் திருப்புங்கள், அது நீல வெள்ளையாக இருக்கும். வெப்பநிலை வித்தியாசத்தை மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

மொட்டைமாடி_வானம் எழுதியது:

சித்திரையின் வெப்பநிலை எவ்வளவு சார்? அதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

தெற்குவானம் எழுதியது:

அது நெருங்கிச் சுற்றும் இரட்டை விண்மீன். அதில் பெரியது ஏறத்தாழ 25,000 கெல்வின். ‘சுமார்’ என்று போட்டு எழுதுங்கள்.